நாலாவது நாடு

மைசூரில் எங்கள் தெருவில் இருந்த கேட்டுகளுக்கெல்லாம் ஒவ்வொரு நிறம் இருந்தது. எங்கள் கேட்டுக்கு மட்டும் கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்க முதலில் பூசுவார்களே ரெட் ஆக்சைடு, அதைப் பூசியதோடு வேலை நின்றுவிட்டது. மேலே என்ன பெயின்ட் அடிப்பது என்பதில் அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியப்பா பச்சை என்றார். அப்பா சாம்பல் நிறம்தான் அழுக்குத் தெரியாது என்றார். சித்தப்பா நீலத்தை விட்டு இறங்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிலிருந்து கூரியர் பையன் வரைக்கும் எங்களுக்கு 'சிவப்பு கேட் வீடு' என்றுதான் பெயர்.

ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று வீடுகள். முன்னால் பெரியப்பா வீடு, நடுவில் நாங்கள், பின்னால் சித்தப்பா வீடு. சமையல் தனித்தனி, பூட்டு சாவி தனித்தனி, புருஷன் பெண்டாட்டி சண்டையும் தனித்தனி. பொதுவாக இருந்தவை தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மொட்டை மாடி, அப்புறம் இந்தக் கேட். ஹனூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இந்த இடத்தை வாங்கிப் போட்ட தாத்தா, கண்ணை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாராம். பொதுக் காரியம் எதுவானாலும் மூன்று பேரும் சரி என்றால்தான் செய்ய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு ஒருவனை ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தின் புண்ணியத்தில்தான் கேட் அப்படி நின்றது.

மற்றவர்கள் இதைத் தலைவலி என்றார்கள். சித்தப்பா மட்டும் கூட்டமைப்பு என்றார். அவர் ஒரு பி.யு. கல்லூரியில், அதாவது நம் ஊர்ப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்தெந்த நாடுகள் தங்கள் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்காமலே ஒன்றாகச் சேர்ந்திருந்தன என்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். பால் பாக்கெட் எடுக்கப் போன இடத்தில் யாராவது வாய்தவறிக் கூட்டாட்சி என்று சொல்லிவிட்டால் போதும், பால் திரிந்துபோகிற வரைக்கும் விளக்குவார்.

"கூட்டாட்சி வேற, கூட்டமைப்பு வேறீங்க. கூட்டாட்சியில மேல ஒருத்தன் உக்காந்துட்டு இருப்பான். கூட்டமைப்புல மேல ஒருத்தரும் கெடையாது. அவங்கவங்க வூட்டுக்கு அவங்கவங்க ராஜா. தனியாச் செய்ய முடியாத காரியத்துக்கு மட்டும் ஒண்ணாச் சேருவாங்க."

கேட்டைப் பற்றிப் பெரியம்மா புலம்பினால் அவர் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். ஆரம்பத்தில் அங்கே பதின்மூன்று மாநிலங்கள் இப்படித்தான் கூட்டாக இருந்தன. பொதுச் செலவுக்கு ஒரு வரி போடலாம் என்று பேசியபோது குட்டி மாநிலம் ஒன்று மாட்டேன் என்றது. அத்தோடு அந்த வரி போயிற்று. "அவ்வளவு பெரிய அமெரிக்காவே அப்படீன்னா நம்ம கேட்டு எம்மாத்தரங்க அண்ணி?" என்பார். பெரியம்மாவுக்கு அதில் ஆறுதல் கிடைத்ததாக ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எங்கள் சபை கூடும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தூதர். பெரியப்பா வீட்டுக்கு அவர் மகன், எனக்கு அண்ணன் முறை. எங்கள் வீட்டுக்கு நான். சித்தப்பா வீட்டில் குழந்தைகள் இல்லாததால் சித்தியே தூதர். கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை அவளுக்கு. வாரம் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி 'இது தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்டுச் சலித்தவள், மாடிக்கு வந்தால் எங்களைவிடச் சின்னப் பிள்ளையாகிவிடுவாள்.

நடுவில் ஒரு தட்டு நிறைய வேகவைத்த கடலைக்காய் ஆவி பறக்க இருக்கும். சபையின் சட்டம் ஒன்றுதான். ஏதாவது ஒரு விஷயத்தை முன்வைக்க வேண்டும், மாடியில் இருக்கிற எல்லோரும் கை தூக்க வேண்டும், கடைசிக் கை உயர்கிற வரைக்கும் தட்டைத் தொடக் கூடாது. ஸ்விட்சர்லாந்தில் முதலில் மூன்று மலைநாட்டார்தான் சேர்ந்தார்கள் என்றும், அங்கே சில ஊர்களில் ஜனங்கள் வெட்டவெளியில் கூடிக் கை தூக்கித்தான் முடிவெடுப்பார்கள் என்றும் சொல்லி, சித்தப்பா அந்த வழக்கத்தை அப்படியே எங்கள் மாடிக்கு இறக்குமதி செய்திருந்தார். கடலைக்காய் மட்டும் நம்முடையது. வட அமெரிக்காவின் பழங்குடிகளில் ஐந்து நாடுகள் சேர்ந்து வைத்திருந்த கூட்டமைப்பு சித்திக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே தலைவனைத் தேர்ந்தெடுப்பதும் சரியில்லை என்றால் இறக்குவதும் வீட்டுப் பெண்கள்தானாம். அதைச் சொல்லும்போதெல்லாம் சித்தி சித்தப்பாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. அவர் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருந்தார். தண்ணீர் மேலே ஏறுகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறு எதிலும் அவருக்கு இரண்டு கருத்து இருக்க முடியாது. தம்பிக்குப் படிப்பு அதிகமாகி மூளை கலங்கிவிட்டது என்பது அவருடைய முடிவான எண்ணம். தொட்டியைப் பார்க்க மட்டும் மாடிக்கு வருவார், எங்களைத் தாண்டிப் போவார், இறங்கிவிடுவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சித்தி மாடிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

இன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்த பிறகு, சித்தப்பாவும் சித்தியும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அப்பா உடனே சரி என்றுவிட்டார். பெரியப்பா பிடி கொடுக்கவில்லை. "யாரு பெத்த புள்ளையோ, என்ன ஏதுன்னு தெரியாம எப்படிறா?" என்று ஒரு தடவை கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாராம். தத்தெடுக்க அண்ணனின் அனுமதி தேவை என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பாவால் அப்படிச் செய்ய முடியவில்லை. மூன்று கதவில் ஒரு கதவு சாத்தியிருக்கிற காம்பவுண்டில் ஒரு குழந்தையைக் கூட்டிவந்து விட அவருக்கு மனசு வரவில்லை. 'அப்ப நமக்குக் கொழந்தை வேணுமா வேண்டாமான்னு உங்கண்ணன்தான் சொல்லோணுமா?' என்று கேட்டுவிட்டுச் சித்தி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஊர் உலகத்துக் கூட்டமைப்புகளை எல்லாம் வாய் வலிக்கப் புகழ்ந்த மனிதர் சொந்தக் கூட்டமைப்புக்குள் வசமாக மாட்டிக்கொண்டார். பாவமாக இருக்கிறது, இப்போது நினைத்தாலும்.

எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. மூன்று வீட்டிலும் திடீரென்று எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள், நாங்கள் போனால் நிறுத்தினார்கள், பெரியப்பா சித்தி வீட்டுக் காப்பியைக் குடிப்பதை விட்டுவிட்டார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்தது. ஏதோ சரியில்லை, எங்கள் கூட்டமைப்புக்கு ஆபத்து என்று அண்ணன்தான் முதலில் சொன்னான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் சித்தப்பா வஜ்ஜிகளின் கதையைச் சொன்னார். கங்கைக்கு வடக்கே பல குலத்தார் சேர்ந்து ராஜா இல்லாமல் ஆண்ட கூட்டமைப்பு அது. மகத ராஜாவால் அவர்களைச் சண்டை போட்டு ஜெயிக்க முடியவில்லை. அதனால் படையை அனுப்பாமல் ஒரு மந்திரியை அனுப்பினான். மந்திரி அவர்களோடு பழகி, ஒரு நாள் ஒருவனைத் தனியாக அழைத்துப் போய்க் காதோரம் கேட்டான், 'இன்றைக்கு என்ன குழம்பு?' அவ்வளவுதான். திரும்பி வந்தவனை மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மந்திரி என்ன கேட்டார்? 'என்ன குழம்பு என்று கேட்டார்.' ஒருவரும் நம்பவில்லை. குழம்பைக் கேட்கவா இவ்வளவு ரகசியம்? இப்படியே ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கூட்டத்துக்கு மணி அடித்தால் ஒருவரும் வராத நிலைமைக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டான். இதைச் சொல்லி முடித்துவிட்டுச் சித்தப்பா வெகுநேரம் சாமுண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடலையைத் தின்றோம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒரு மேடம் வந்தார்.

காலையிலிருந்தே மூன்று வீடும் அமளிதுமளி. கூட்டிப் பெருக்கி, வாசல் தெளித்து, எங்களுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, 'கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லு' என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். யார், எதற்கு என்று சொல்லவில்லை. தத்து கொடுக்கிற இடத்திலிருந்து குடும்பத்தைப் பார்த்துப் போக வந்தவர் அவர். குடையும் துணிப்பையுமாக வந்து, முதலில் சித்தியை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். கதவு சாத்தியிருந்தது. அடுத்தது சித்தப்பா. அதற்கப்புறம் அம்மா. ஒவ்வொருவர் வெளியே வரும்போதும் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு "என்ன கேட்டாங்க? என்ன கேட்டாங்க?" என்றார்கள்.

அண்ணன் என் கையைக் கிள்ளினான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

என் முறை மாடிப்படியில் நடந்தது. மேடம் எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, சிரித்த முகமாகக் கன்னடத்தில் முதல் கேள்வி கேட்டார். நேற்று ராத்திரி உங்கள் வீட்டில் என்ன குழம்பு?

சந்தேகமே இல்லை. மகத மந்திரிதான்!

சொல்ல மாட்டேன் என்றேன். உங்கள் ராஜாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், எங்களைப் பிரிக்க முடியாது என்றும் சொன்னேன். கன்னடத்தில் எனக்கு வீரம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மேடத்துக்குக் கோபம் வரவில்லை. யார் யாரைப் பிரிக்க முடியாது என்று கேட்டார். அப்படிக் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று நாடுகள், தனித்தனி அடுப்பு, பொதுத் தொட்டி, தூதர்கள், கடலைக்காய்ச் சட்டம் எல்லாவற்றையும் விளக்கினேன். புதிதாக ஒரு நாடு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால் என்ன செய்வீர்கள் என்றார். சேர்த்துக்கொள்வோம், ஆனால் எல்லோரும் கை தூக்க வேண்டும் என்றேன். என்னுடைய சைக்கிளை மட்டும் கேட்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டேன்.

"எல்லோரும் தூக்குவார்களா?" என்றார் மேடம்.

நான் யோசித்து, உள்ளதைச் சொன்னேன். பெரியப்பாதான் சந்தேகம். கேட்டுக்கு பெயின்ட் அடிக்கவே அவர் இன்னும் கை தூக்கவில்லை.

மேடம் திரும்பி அந்தச் சிவப்பு கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பெரியப்பா வீட்டுக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். 'அவங்க இஷ்டம்' என்பதற்கு மேல் பெரியப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையாம். கிளம்பும்போது சித்தப்பாவிடம், வீட்டில் பெரியவர் மனசு என்ன என்று தெரியாமல் நான் எதையும் எழுத முடியாது, அவரிடம் பேசுங்கள், இன்னொரு தடவை வருகிறேன் என்றாராம். சித்தி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

"பெரியப்பாவை எதுக்குடி இழுத்த?" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் என்ன குழம்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு பாராட்டு இல்லை.

மறுநாள் ஞாயிறு. சபை கூடாது என்றுதான் நினைத்தோம். ஆனால் சித்தப்பா தாமே தட்டோடு மாடிக்கு வந்தார். கடலையை அவரே வேகவைத்திருக்க வேண்டும். ஓட்டின் மேலேயே உப்புப் பூத்திருந்தது. காலையிலிருந்து தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால், பெரியப்பா தொட்டி மேடையில் ஏறி நின்று, மிதவை வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தப்பா அவர் பக்கம் பார்க்காமல் எங்கள் எதிரில் சம்மணம் போட்டார்.

ஐந்து நாடுகள் கதையில் ஒரு பகுதியை இதுவரைக்கும் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். தெற்கே தங்கள் ஊரையும் நிலத்தையும் பறிகொடுத்த ஒரு ஜனம் நடந்தே வந்து அந்த ஐவரிடம் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டதாம். அந்தக் கூட்டமைப்பில் அண்ணன் நாடு, தம்பி நாடு என்று முறை உண்டாம். தம்பி நாடு ஒன்று வந்தவர்களுக்காகப் பேசியதாம். அண்ணன் நாடுகள் கேட்டு, சரி என்றன. அன்றிலிருந்து அவர்கள் ஆறு நாடுகள்.

"அதே மாதிரி நம்மகிட்ட இப்ப ஒரு நாடு கேக்குது," என்றார் சித்தப்பா. "ரொம்பச் சின்ன நாடு. நெலம் கெடையாது, படை கெடையாது. சேத்துக்கலாமா?"

நான் உடனே கை தூக்கினேன். கடலைக்காய் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் அவ்வளவு லேசில் விடுகிறவன் இல்லை. தண்ணீரில் பங்கு கேட்குமா என்றான். கொஞ்சம் கேட்கும் என்றார் சித்தப்பா. யோசித்துவிட்டு அவனும் கை தூக்கினான்.

ஸ்பானர் சத்தம் நின்றது.

"அதை யாரு ஆண்டாங்க முன்னாடி?" தொட்டி மேலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. சபையில் அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"தெரியாதுங்ணா. ஆண்டவங்க உட்டுட்டுப் போயிட்டாங்க."

"என்ன பாஷை பேசும்?"

"இன்னும் பேச ஆரம்பிக்கலீங்."

பெரியப்பா ஸ்பானரைக் கை மாற்றிக்கொண்டார். "நாளைக்குப் பெருசாகி, நான் உங்க ஆளு இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருச்சுன்னா? அன்னைக்கு உன்ற மூஞ்சிய நான் எப்படிறா பாக்கறது?"

எங்களுக்கு அது நாடுகளைப் பற்றிய கேள்வியாகவே பட்டது. நல்ல கேள்வி என்றுகூட நினைத்தேன்.

"கூட்டமைப்புல போறதுக்கும் உரிமை உண்டுங்ணா," என்றார் சித்தப்பா. "நாம மூணு பேரும்கூட எப்ப வேணா பிரிஞ்சு போலாம். போகலீங்களே. நீங்க வேண்டாம்னா வேண்டாமுங்ணா, திரும்பிப் போகச் சொல்லிடறேன். ஆனா அதுக்குப் போறதுக்கு வேற ஊரு இல்லீங்."

இப்படியே பேசிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும் என்று எனக்குப் பொறுமை போயிற்று. கை வேறு வலித்தது. "பெரியப்பா, மாடியில இருக்கற எல்லாரும் தூக்கோணும். சீக்கிரம் தூக்குங்க, கடலைக்காய் ஆறிப்போச்சு," என்று கத்தினேன்.

பெரியப்பா தொட்டி மேடையிலிருந்து எங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு எண்ணெய்க் கறையோடு ஸ்பானர் பிடித்த கை மெதுவாக மேலே போனது. "தூக்கிட்டாங்க!" என்றான் அண்ணன். அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் தட்டின் மேல் பாய்ந்தோம். உப்புக் கரித்தது. தின்றுகொண்டே பார்த்தபோது பெரியப்பா கையை இன்னும் இறக்கவில்லை. சித்தப்பா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தார். மாடிப்படி முகப்பில் சித்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சித்திக்கு ஒரு பங்கு வைக்க வேண்டுமே என்று எனக்கு லேசாக வருத்தம் வந்தது.

அடுத்த நாள் கடையைத் திறக்காமல் பெரியப்பா அந்த மேடத்தைத் தேடிக்கொண்டு அவர் அலுவலகத்துக்கே ஸ்கூட்டரில் போனார் என்பதும், அங்கே போய் 'எங்க வூட்ல மூணு கதவுங்க, மூணும் தெறந்திருக்கும்' என்று சொன்னார் என்பதும் பல வருஷம் கழித்துப் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மழையும் குளிரும் போய், வெயில் ஏறத் தொடங்கியபோது பாப்பா வந்தாள். பெரிய கண்களும், யாரையும் நம்பாத முகமுமாக, நடக்கப் பழகியிருந்த குழந்தை. எங்கிருந்து வந்தாள் என்று கேட்டதற்கு 'சித்திக்குப் பாப்பா' என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் சில வாரம் யார் தூக்கினாலும் வீறிட்டு அழுதாள், பெரியப்பாவைத் தவிர. அவர் எப்படியோ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் போடுகிற இடத்துக்குப் போய்விடுவார். அந்த உறுமல் கேட்டால் அவள் தூங்கிவிடுவாள். சித்தி மறுபடியும் மாடிக்கு வர ஆரம்பித்தாள். கேட் மட்டும் இன்றைக்கும் ரெட் ஆக்சைடுதான். பாப்பாவுக்கு விவரம் தெரிந்ததும் அவள் மஞ்சள் என்றுவிட்டாள்.

ஆனால் எனக்கு ஒரு குறை இருந்தது. கை வலிக்க வலிக்கத் தூக்கி ஒரு நாட்டைச் சேர்த்துக்கொண்டோம். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். பெரியப்பா சுவரில் சாய்ந்து, பாப்பாவை மடியில் வைத்து, கடலையை விரலால் மசித்து மசித்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அந்த நாலாவது நாடு என்ன ஆச்சு? வரவே இல்லை?"

சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

"அது எப்பவோ வந்துருச்சு அம்மிணி," என்றார் பெரியப்பா.

நான் நம்பவில்லை. எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரின் மேல் எக்கிக் கீழே பார்த்தேன். சிவப்பு கேட் சாத்தியிருந்தது. தெருவில் ஒரு ஆட்டோவைத் தவிர எதுவும் இல்லை. ஒரு நாட்டையும் காணோம் என்று சொல்லத் திரும்பினால், பாப்பா பெரியப்பா மடியிலிருந்து இறங்கி வந்து, என் பங்குக் கடலையில் கை வைத்திருந்தாள்.